கம்பு மாவில் இரும்புத்தூள் கலக்கவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை, ஏழு வருடமாக எங்களிடம் மாவு வாங்கும் அக்கா ஒருவர் கைப்பேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ எங்கள் கம்பு மாவைத் தட்டில் கொட்டிக் காந்தத்தால் துழாவுகிறார். நாலைந்து கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. 'இரும்புச்சத்து என்று சொல்லி இரும்புத்தூளைக் கலக்கிறார்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. "நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் தம்பி. ஆனால் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றார் அக்கா. அன்றும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அவர் சொல்ல வேண்டிய பதில் இது. நாங்கள் எதையும் கலப்பதில்லை. நாங்கள் அரைப்பது தனசக்தி என்ற கம்பு ரகம். இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் மகாத்மா பூலே வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி, 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிட்டவை அந்த விதைகள். ஏற்கெனவே பயிராகிவந்த ஒரு ரகத்தில் இரும்பு அதிகமுள்ள செடிகளைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். மரபணு மாற்றம் எதுவும் இல்லை. மண்ணில் இருக்கும் இரும்பை வேர் உறிஞ்சுகிறது, கதிர் சேர்த்துவைக்கிறது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம். அப்படியானால் எங்கள் அரைக் கிலோ பொட்டலத்தில் இருப்பது 35 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. அதுவும் தூளாக இல்லை, தானியத்துக்குள் பிணைந்து கிடக்கிறது. எந்தக் காந்தமும் அதை இழுக்காது.

ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசியோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலப்பது அது. 'பிளாஸ்டிக் அரிசி' என்ற பழி அதற்கும் வந்தது; அதுவும் பொய்தான். எங்கள் கம்பில் அந்த வேலையும் கிடையாது. விளைந்ததை உலர்த்துகிறோம், புடைக்கிறோம், அரைக்கிறோம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் தங்கை அவர்களில் ஒருத்தி. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த நர்ஸ், வெள்ளைத் தாள்போல இருக்கிறதே என்றார். அந்த வருடம்தான் மற்ற மாவுகளோடு கம்பையும் எடுத்துவைத்தேன். இதைச் சம்பாத்தியத்துக்கான தந்திரம் என்று யாராவது சொன்னால் மனது பொறுக்கவில்லை.

காந்தத்தில் ஒட்டியது அரைவை மெஷினின் இரும்புத் தட்டு தேய்ந்து உதிர்ந்த துகள். மில்லைப் பார்த்துக்கொண்டவர் திருப்பூருக்கு வேலை மாறிப் போனபின் தட்டைக் கவனிக்கத் தவறிவிட்டோம். இப்போது தட்டை மாற்றி, மாவு விழும் இடத்தில் காந்தமும் பொருத்தியிருக்கிறோம்.

இன்னொன்று. கம்பு மாவு சீக்கிரம் காறிக் கசக்கும். அதனால் வாரம் ஒருமுறைதான் அரைக்கிறோம். பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கூழாகக் காய்ச்சுபவர்கள் முதல்நாளே கரைத்துப் புளிக்கவிடுங்கள். இரும்பு உடலில் சேர அது உதவும். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல் வைத்தால் இன்னும் நல்லது. காபியை மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

வீடியோ பரவிய பிறகும் கடைக்கு வந்தவர்களையும், எங்களுக்காகப் பதில் எழுதியவர்களையும் நாங்கள் மறக்கமாட்டோம். சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, 'ஐந்து கிலோ கொடுங்கள்' என்று மட்டும் சொன்ன ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பழைய தட்டில் அரைத்த பொட்டலம் கையில் இருந்தால், பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், புதியது தருகிறோம். அடுத்த மாதம் முதல் அரைக் கிலோவின் விலை 55 ரூபாய்.

அன்புடன்,
கடை உரிமையாளர்