அடுத்த முறை லப்டொப்பையும் கொண்டு வா

திருகோணமலை,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இங்கே மழை விட்டுவிட்டது. உன் சைக்கிள் இன்னும் எங்கள் விறாந்தையில்தான் நிற்கிறது. வந்து எடுக்கிறாயா, கட்டையனுக்குக் கொடுக்கவா?

சரி, எழுத வந்தது வேறு விஷயம்.

இணையத்தில் பைதன் என்ற நிரல் மொழி படிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பாடக் குறிப்புகளும் பயிற்சிகளும் கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன. கிழமைக்குக் கிழமை எதையாவது திருத்துவார்கள், புதிதாகச் சேர்ப்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் ஸிப்பாக இறக்கி, பழைய கோப்புறையின் மேலேயே விரித்துவிடுவேன். ஒருநாள் திறந்து பார்த்தால், பயிற்சிக் கோப்புகளுக்குள் நான் எழுதியிருந்த விடைகளும் குறிப்புகளும் ஒன்றுகூட இல்லை. ஆறு கிழமை உழைப்பு, மச்சான். அன்று பின்னேரம் கோட்டை வாசலில் மான்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

அக்காவின் மகள் விடுமுறையில் வந்தவள், "மாமா, ஸிப்பை விடுங்கோ" என்று சொல்லி, கோப்புகளில் வரும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளைப் போட்டுத் தந்தாள். முதல் தடவை மட்டும் முழுவதையும் இறக்க 'கிட் குளோன்'. அதன்பிறகு அந்தக் கோப்புறைக்குள் நின்று 'கிட் புல்' என்று அடித்தால் போதும். இருப்பதை மறுபடி இறக்காது, புதிதாக வந்ததை மட்டும் எடுத்துவரும். டேட்டா காட் போட்டுப் படிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். குளோன் பாதியில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராது. லைன் மோசமென்றால் 'டெப்த் 1' என்று சேர்த்து அடி. பழைய வரலாறெல்லாம் வராமல், கடைசி நிலை மட்டும் வரும்.

ஆனால் என் மனதைத் தொட்டது அதுவல்ல. அடுத்த கிழமை நான் விடை எழுதிவைத்த கோப்பையே அவர்களும் திருத்தியிருந்தார்கள். புல் அடித்தேன். கிட் நின்றுவிட்டது. இழுத்தால் உன் மாற்றங்கள் அழிந்துபோகும், முதலில் கொமிட் செய்து பதிந்து வை, அல்லது ஸ்டாஷ் செய்து ஒதுக்கி வை என்றது. ஸிப் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்ததை இது கேட்காமல் தொடமாட்டேன் என்கிறது! கொமிட் செய்துவிட்டு மறுபடி இழுத்தேன், இரண்டும் சேர்ந்துகொண்டன. ஒரே வரியை இரண்டு பேரும் மாற்றியிருந்த இடத்தில் மட்டும், இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டி, எது வேண்டும் என்று என்னிடம் விட்டது. இப்போது பயிற்சிக் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்து, அதில்தான் எழுதுகிறேன். புல் அதைத் தொடுவதில்லை, சிக்கலும் வருவதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அதன் வேலைக்காக எழுதியது இந்தக் கிட். அதுவரை இலவசமாகப் பாவித்துவந்த கருவி கைவிட்டுப் போனதால், தானே உட்கார்ந்து ஒன்றைத் தொடங்கினாராம். அது இன்று என் மேசைக்கு வந்து என் குறிப்புகளைக் காக்கிறது.

இனி உன் விஷயம். கோபிக்காதே. போன வருடம் உன் வகுப்புப் பிள்ளை ஒன்று நீ திருத்துவதற்கு முந்திய குறிப்பைப் படித்துவிட்டுச் சோதனைக்குப் போனதை நீயே சொல்லி வருந்தினாய். எனக்கு அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பில் எது புதியது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? உன் குறிப்புகளைக் கிட்டில் வை, கிட்ஹப்பில் ஏற்று. ஒவ்வொரு கொமிட்டிலும் என்ன மாற்றினாய் என்று ஒரு வரி தமிழிலேயே எழுது. லப்டொப் உள்ள பிள்ளைகள் இழுத்துக்கொள்ளட்டும். போன் மட்டும் உள்ளவர்கள் கிட்ஹப்பில் உன் பக்கத்தைத் திறந்து கடைசி நிலையைப் படிக்கலாம். உன் கையெழுத்தை வாசிக்கும் கஷ்டமும் அதுகளுக்குக் குறையும்!

அடுத்த மாதம் இரண்டு நாள் வா. ஒரு பின்னேரம் போதும், எல்லாம் போட்டுத் தருகிறேன். பிறகு டச்பே கடற்கரையில் இருந்து கதைப்போம். லப்டொப்பை மறக்காதே. போகும்போது சைக்கிளையும் கொண்டுபோ.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரன்