கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி அம்மா நம்பரிலிருந்து குழுவில் "திருமண அழைப்பிதழ்" என்று ஒரு ஃபைல் வந்திருக்கு. அதை அம்மா அனுப்பலை. ஃபைல் பேரின் கடைசியில் ஏபிகே (.apk) என்று இருக்கும், பாருங்க. அது பத்திரிகை இல்லை, ஆப். பத்திரிகைன்னா படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். அம்மாவுக்கும் இதே ஃபைல்தான் வந்திருக்கு. திறந்ததும் அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கு, அம்மாவும் யாரோ சொந்தக்காரங்க கல்யாணம்னு நம்பி கொடுத்துட்டாங்க. அப்புறம் வந்த ஓடிபி எல்லாம் அந்த மோசடிக்காரன் கைக்குப் போயிடுச்சு. பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கலை.

யாராவது இன்ஸ்டால் செய்திருந்தா உடனே ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையும் அணைங்க. வேற போனிலிருந்து 1930க்கும் (சைபர் மோசடி புகார் நம்பர்) பேங்குக்கும் கூப்பிடுங்க. பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. ஆப்பை எடுக்கத் தெரியலைன்னா போனோட எங்க வீட்டுக்கு வாங்க, இன்னைக்கு முழுக்க வீட்லதான் இருக்கேன்.