தமிழய்யாவின் இரும்புப் பெட்டி

அன்புள்ள தம்பி,

காரியம் முடிந்த மறுநாள் போன் செய்து, "தாத்தா பெட்டியில பழைய நோட்டும் ஒரு கிழிஞ்ச வேட்டியும்தான் இருக்கு, கடைக்குப் போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன் தாத்தாவிடம், அதாவது எங்கள் தமிழ் வாத்தியார் தமிழய்யாவிடம் படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ பார்த்த தாத்தா வேறு. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வாதம் வந்து, பேச்சுப் போய், கட்டிலோடு இருந்தார். நான் பார்த்தவர் முழுப்பரீட்சை முடிந்த அன்றே தோளில் பையை மாட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறுகிறவர். செய்யாறு பக்கம் ரயில் கிடையாது. ரயிலுக்காகவே காஞ்சிபுரம் போவார்.

அந்தக் கிழிந்த வேட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ல் நான் எட்டாம் வகுப்பு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை நடத்த வேண்டிய நாள். ஐயா புத்தகத்தைத் தொடவில்லை. பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்து, என்னையும் இன்னொருவனையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். கண்ணகி வேஷம் கட்டிய பையன் பின்னால் நின்றான். சிலம்புக்குப் பதில் அவன் கையில் ஒரு சைக்கிள் செயின். நம் ஊர்க் கூத்தில் வேஷக்காரன் நேராகச் சபைக்கு வந்துவிட மாட்டான் அல்லவா? திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். "திரை பிடிக்கிறவன் கை ஆடக் கூடாதுடா. உள்ளே நிக்கிறது யாருன்னு சனம் ஏங்கணும்" என்றார். வேட்டியின் கீழே பையனின் வெறுங்கால் தரையை உதைப்பதும், செயின் கலகலப்பதும், எங்கள் கை வலிப்பதுமாக நேரம் போனது. திரையை விலக்கச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பாடத்தில் நான் எழுதிய பரீட்சை எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்தக் கால் மட்டும் இருக்கிறது.

கூத்து பார்ப்பதென்றால் ஐயாவுக்குச் சாப்பாடு வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வதம் நடக்கும் படுகளம் என்று எல்லாவற்றுக்கும் போவார். எங்களில் நான்கைந்து பேரை வீட்டில் சொல்லி அழைத்துப் போவார். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் அந்த உயரமான மரத்தில் ஏறும்போது, கீழே நின்ற ஐயாவின் உதடு கூடவே பாடிக்கொண்டிருக்கும். படுகளத்துக்கு மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் பக்கத்தில் எங்களை நிறுத்தி, "காலையில பிசைஞ்ச மண்ணு இது. இப்ப பாரு, ஊரே அழுவுது" என்று மெல்லச் சொன்னார். கூத்துக்குப் பேர்போன பக்கத்து ஊர் புரிசைக்கும் ஓயாமல் போய் வருவார். அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் ஆடியதை ஐயா எத்தனை ராத்திரி பார்த்தாரென்று நோட்டில் எண்ணிப் பார்.

ஆமாம், அந்த நோட்டுகள். அவற்றில் கணக்குத்தான் இருக்கும், ஆனால் வரவுசெலவுக் கணக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. ஊர், தேதி, பஸ் காசு, நாடகத்தின் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை எழுதியிருப்பார். ரயில்வேயில் சர்க்குலர் டிக்கெட் என்று ஒன்று உண்டு. கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும்படி வழியை நாமே எழுதிக் கொடுக்கலாம், நடுவில் எட்டு இடம் வரை இறங்கிக்கொள்ளலாம், தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவும் குறைவு. வாத்தியார் சம்பளத்தில் ஊர் சுற்றியது அப்படித்தான். மற்றவர்கள் கோயிலுக்கும் அருவிக்கும் இறங்குவார்கள். இவர் நாடகம் எங்கே நடக்கிறது என்று பார்த்து இறங்குவார்.

தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூருக்கு நரசிம்ம ஜெயந்தி சமயத்தில் போய், பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடுவதை விடியவிடியப் பார்த்திருக்கிறார். கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் கூடியாட்டம் என்ற சமஸ்கிருத நாடகம் பார்த்துவிட்டு வந்து, அதில் அடிக்கும் பானை போன்ற மிழாவு எப்படி ஒலிக்கும் என்று தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். பானை உடைந்தது, பாட்டி திட்டினார். 1991-ல் கே.வி. சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்தார். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற பாக்குத் தோட்டத்துச் சிற்றூரில் 1949-லிருந்து நீநாசம் என்று நாடக அமைப்பு நடத்திவந்தவர் சுப்பண்ணா. அவ்வளவுதான், அடுத்த லீவுக்கு சாகர் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்விட்டார். கன்னடம் ஒரு சொல் தெரியாது. திரும்பி வந்து, "அந்த ஊரு நம்ம ஊரைவிடச் சின்னதுடா" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நம் ஊருக்கும் முடியும் என்றுதான் அவர் சொன்னார் என்பது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது.

படுத்த பிறகு நான் அடிக்கடி வராதது என் தப்பு. வந்தபோதெல்லாம் என்ன பேசுவதென்று தெரியாமல் பழைய ரயில்வே டைம்டேபிளை எடுத்து வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் காஞ்சிபுரம், நத்தப்பேட்டை, வாலாஜாபாத், பாலூர் என்று வேகமாகப் படித்தேன். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். நிறுத்தினேன். மறுபடி தட்டினார். திரும்பப் பார்த்தால், வாலாஜாபாத்துக்கும் பாலூருக்கும் நடுவில் பழைய சீவரத்தை விட்டுவிட்டிருந்தேன். சேர்த்துப் படித்ததும் கை அடங்கியது. அப்புறம் செங்கல்பட்டு வரும்வரை ஒரு ஸ்டேஷன்கூட விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

பெட்டியைக் கடைக்குப் போடாதே, தம்பி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், உட்கார்ந்து நோட்டுகளை வருஷவாரியாக அடுக்குவோம். அதுவரை உள்ளே நாலு பாச்சை உருண்டை போட்டு வை. வேட்டியைத் துவைக்காதே, ஓரத்தில் நாங்கள் பிடித்த இடத்தில் அழுக்கு இருக்கும். மூடி திறக்க வராவிட்டால் உடைத்துவிடாதே, இடது மூலையை அழுத்திக்கொண்டு தூக்கினால் வந்துவிடும்.

அன்புடன்,
உன் தாத்தாவிடம் படித்த அண்ணன்