பதிலுக்கு அவசரம் வேண்டாம்

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள் ஈரப்பஞ்சில் இரண்டு பச்சைப்பயறு முளைக்கவிட்டாள். ஒன்று சன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். இருட்டில் இருந்ததுதான் கிடுகிடுவென நீண்டது. ஆனால் வெளிறிப்போய்த் தலை சாய்ந்து நின்றது. வெளிச்சமே இல்லாமல் எப்படி வளர்ந்தது என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். ஆசிரியை விடை சொல்லாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டாராம். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில், "வெளிச்சத்தைத் தேடித்தான் நீண்டிருக்கும்மா" என்றாள்!

குறைவாகக் கற்பித்தால் பிள்ளைகள் நிறையக் கற்பார்கள் என்று சிங்கப்பூரின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2004ல் பேசினார். 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் நீக்கப்பட்டன. சரி, மிச்சமான நேரத்தைப் பயிற்சித்தாள்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். தமிழ் வகுப்பிலும் பிள்ளைகள் இப்படிக் கேட்டு, யோசித்து, தமிழிலேயே வாதாடட்டும்.

ஒரு தாய், ஈசூன்