எத்தனை லோடு மண் அள்ளினார்கள் என்று கேட்காதீர்கள்

திருநெல்வேலிச் சீமையில் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி வழங்கும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சட்டக் கடமை) குழுவினருக்கு,

வணக்கம். குளம் தூர்வாரவும் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தரவும் ஆண்டுதோறும் நிதி கொடுக்கிறீர்கள். பதிலுக்கு வரும் அறிக்கையில் இத்தனை கன மீட்டர் மண், இத்தனை சான்றிதழ், இத்தனை புகைப்படம் என்று இருக்கும். பணம் செலவானதற்கு அது சாட்சி. ஊரில் என்ன மாறியது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தூர்வாரிய குளத்துக்கே வாருங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடுமாடு குடிக்கும், பக்கத்துக் கிணற்றில் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். கன மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தால், டிப்பர் சுலபமாக வந்து திரும்பும் இடத்திலேயே ஜேசிபி ஆழமாகத் தோண்டும். மண் கணக்கு சரியாக இருக்கும், கடைமடை காய்ந்து கிடக்கும். வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால் குளத்துக்கே தண்ணீர் வராது. அதையும் தூரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போனால், அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாக நிற்கும்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே மடைக் கல்லில், அடிமட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, பெயின்டால் அளவுகோல் வரையச் சொல்லுங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை வாரம் ஒரு நாள், தண்ணீர் பாய்ச்சுகிறவர் அதைப் பார்த்து நோட்டில் குறித்தால் போதும். அதற்கு அவருக்குக் கூலி கொடுங்கள். கடைமடையில் பத்து வயலைச் சீட்டுப் போட்டு எடுத்து, பிசான நெல் பருவத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரத்துக் கடைசி இரண்டு தண்ணி குளத்திலிருந்து வந்ததா, காசு கொடுத்து வாங்கிய மோட்டார் தண்ணீரா என்று கேளுங்கள். குளம் பயன்பட்டதா இல்லையா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. அதே வரத்தில் உள்ள, தூர்வாராத ஒரு குளத்திலும் இதே கணக்கை எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் யாரும் கை வைக்காத குளங்களும்தான் நிரம்பின. பல குளங்கள் உடைந்தும் போயின. அந்த ஆண்டு நிரம்பிய குளத்தைக் காட்டி யாரும் பெருமை கொள்ள முடியாது.

குளக்கரையில் இத்தனை பனை விதை நட்டோம் என்று காட்டும் கணக்கும் இதே வகைதான். பனை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கியே போகும். ஓலை வெளியே தெரியப் பல மாதம் ஆகும். இரண்டு கோடை கழித்து எண்ணுங்கள்.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சி முடிந்த ஆறாம் மாதம், வருகைப் பதிவேட்டில் உள்ள மொத்தப் பெயர்களிலிருந்தும் முப்பது பேரைக் குலுக்கி எடுத்து வீடு தேடிப் போங்கள். பயிற்சி தந்த நிறுவனத்தின் வண்டியில் போகாதீர்கள், அவர்களுடைய பணியாளரை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். எட்டுப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது, ‘கிடைக்கவில்லை’ என்றே எழுத வேண்டும். "பயிற்சி பிடித்திருந்ததா?" என்ற கேள்வியே வேண்டாம், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன வாரம் எத்தனை துணி தைத்தார், நூலும் கரண்டும் போகக் கையில் எவ்வளவு நின்றது, அந்த நேரத்துக்குப் பீடி சுற்றியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கேளுங்கள். பீடித்தட்டை விட்டால் வாரக்கூலியோடு பி.எஃப். தொடர்ச்சியும் போகும். தையலில் அதைவிடக் கூடுதலாக நிற்காத வரை அவர் தட்டை இறக்கி வைக்க மாட்டார், இறக்கி வைக்கச் சொல்வதும் நியாயமில்லை.

"குடும்ப வருமானம் உயர்ந்தது" என்று அறிக்கை சொன்னால், மாதம் 1,000 ரூபாய் என்று 2023 செப்டம்பரில் அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைக் கழித்தார்களா என்று பாருங்கள். "கல்லூரியில் சேரும் பெண்கள் கூடினார்கள்" என்றால், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க மாதந்தோறும் உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்ததையும் நினைவில் வையுங்கள். அரசு செய்ததை நிறுவனம் செய்ததாக எழுதுவது பெரும்பாலும் பொய் சொல்லும் எண்ணத்தால் அல்ல. தொடக்க நிலையை யாரும் அளந்து வைக்காததால்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். 5% நிர்வாகச் செலவு வரம்பைக் காரணம் காட்டி மதிப்பீட்டுத் தொகையை வெட்டுகிறீர்கள். அந்த வரம்பு உங்கள் கம்பெனி சி.எஸ்.ஆர். வேலைக்குச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. திட்டத்தால் என்ன மாறியது என்று அளக்கும் தாக்க மதிப்பீடு கட்டாயமாவது, மூன்றாண்டுச் சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடியை எட்டிய கம்பெனிகளின் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான். ஒரு குளத்துக்குப் பத்து, இருபது லட்சம் என்று கொடுக்கும்போது உங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நீங்களாகத்தான் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்டுப் பெற்ற அறிக்கையில் ‘இது நடக்கவில்லை’ என்று உண்மையை எழுதிய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு நிதியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அதன்பின் யாரும் உங்களிடம் உண்மை எழுத மாட்டார்கள்.

இன்னொன்று. நிதியாண்டு முடிகிறதென்று மாசி, பங்குனியில் பணத்தை விடுவித்து மார்ச் 31-க்குள் முடிக்கச் சொல்கிறீர்கள். அப்போது பல குளங்களில் பிசானத் தண்ணீர் வற்றியிருக்காது. சேற்றில் எந்திரம் இறங்காமல் கரையோரத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் போவார்கள். தொடக்கத்திலேயே பல்லாண்டுத் தொடர் திட்டமாக ஒப்புதல் கொடுங்கள். செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. சித்திரை, வைகாசியில் மண் எடுத்து, இரண்டு வடகிழக்குப் பருவமழை பார்த்து, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
களமதிப்பீட்டுப் பணியில் உள்ளோர்,
திருநெல்வேலி.