உப்பைப் போடுங்கள்: நம் குடியிருப்பு நலச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது மைக் அணைந்துவிட்டது. தற்செயல்தான் என்று நம்புகிறேன். அதனால் சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன். கோரிக்கை ஒன்றே ஒன்று. சம்ப் பக்கத்தில் நிற்கும் சாஃப்ட்னருக்கு, அதாவது கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷினுக்கு, உப்பைப் போடுங்கள். அதற்குப் பதிலாகக் குழாயில் மாட்ட 85,000 ரூபாய்க்குக் காந்தம் வாங்காதீர்கள்.

நம் போர் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருக்கிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. குழாய் மூக்கில் வெள்ளைக் காரை, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, இரண்டு வருடத்துக்கு ஒரு கீசர் காயில். கோடையில் லாரித் தண்ணீர் கலந்தால் கொஞ்சம் மாறும், ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்பது அன்றைக்கு வந்த லாரியைப் பொறுத்தது. இதற்காகத்தான் கட்டடம் கட்டியவர்களே ஒரு பெரிய சாஃப்ட்னரை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் நான்கு வருடம் அது வேலையும் செய்தது. குளித்தால் உடம்பு வழுவழுவென்று இருக்கிறதே என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

கூட்டத்தில் நடந்தது இதுதான். செயலாளர் சார் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தார். ஒன்று சாஃப்ட்னருக்கு முன்னால் பிடித்தது, மற்றது பின்னால் பிடித்தது. தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை இரண்டிலும் முக்கினார். இரண்டிலும் 1,400. "பாருங்கள், மெஷின் ஒன்றுமே செய்யவில்லை. உப்புக்குக் கொடுக்கிற காசு தண்டம்" என்றார். கைதட்டல். அடுத்த ஐந்தாவது நிமிடம் காந்தத் தீர்மானம் நிறைவேறியது.

ஐயா, நான் அரசுப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் உப்பைக் கொடுத்து என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்கிற வேலை. ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்கிற இயந்திரமே இல்லை. அதற்கு ஆர்ஓ வேண்டும். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், அவ்வளவுதான். நாற்பது பேர் இறங்கி வேறு நாற்பது பேர் ஏறிய பஸ்ஸை எடைமேடையில் நிறுத்தினால் என்ன வித்தியாசம் தெரியும்? புத்தம்புது சாஃப்ட்னருக்குப் பின்னாலும் அந்தப் பேனா 1,400 பக்கம்தான் காட்டும்.

பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு இருக்கிறது என்பது. அதற்குச் சொட்டு விடும் சோதனைப் புட்டி கடையில் கிடைக்கிறது. தண்ணீரில் நிறங்காட்டியைக் கலந்தால் ஒயின் சிவப்பாகும். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். என்னிடம் உள்ள புட்டியில் ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 25 மில்லிகிராம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எண்ணினேன். சாஃப்ட்னருக்கு உள்ளே போகும் தண்ணீர் 30 சொட்டு. வெளியே வருவது 28 சொட்டு. அதாவது 750 உள்ளே போய் 700 ஆக வருகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிநீருக்கு 200 வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. நாம் அதையும் தாண்டியவர்கள்.

எனவே மெஷின் வேலை செய்யவில்லை என்று செயலாளர் சார் சொன்னது சரிதான். தப்பான மீட்டரை வைத்துச் சரியான விடைக்கு வந்திருக்கிறார். ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் கேள்வி. ரெசினில் இருந்த சோடியம் தீர்ந்துவிட்டால் உப்புக் கரைசலை ஊற்றித்தான் அதை மறுபடி ஏற்ற வேண்டும். நீங்களே ஒட்டிய கணக்குத்தாளில் போன மாதம் வாங்கிய உப்பு ஆறு மூட்டை. நம்முடையது 64 வீடு. வீட்டுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 32,000 லிட்டர். 750ஐ 150க்கு இறக்க வேண்டுமென்றால் தினமும் 19 கிலோவுக்கு மேல் கடினத்தன்மையைப் பிடிக்க வேண்டும். அதில் கிலோவுக்கு இரண்டரை கிலோ உப்பாவது வேண்டும். ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு 50 கிலோ மூட்டை. மாதம் முழுவதற்கும் ஆறு மூட்டை போட்டால் அந்த மெஷின் என்ன செய்யும், பாவம்.

இப்போது என் வீட்டுக் கதை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருந்தால் இது ஏதோ உப்புப் பெறாத விஷயம் என்று நினைத்துவிடுவீர்கள். ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினால் தலையில் தடவிய எண்ணெயும் சோப்பும் அந்தத் தண்ணீரில் சேர்ந்து திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். நுரை வராது. எத்தனை சொம்பு ஊற்றினாலும் பிசுக்குப் போகாது. போகாது என்றால் தண்ணீரின் குற்றம் அது, கால்சியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத்தான் மாறும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் சிவந்து தடித்தது. தண்ணீரால்தான் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. "சோப்பு அலசாமல் தங்கினால் தோல் வறளும், வேறு தண்ணீரில் குளிப்பாட்டிப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து கேன் தண்ணீர். தினம் ஒரு 20 லிட்டர் கேன், 40 ரூபாய். கேன்காரப் பையன் சில நாள் வாசலில் வைத்துவிட்டுப் போவான், சில நாள் கீழேயே வைத்துவிட்டுப் போவான். லிஃப்ட் ஓடாத நாளில் மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறியது என் கணவர். அவருக்கு 66 வயது. குடிக்க ஒரு கேன், குழந்தை குளிக்க ஒரு கேன்.

அப்புறம் சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர். வந்த அன்று பெட்டியை வைத்ததும் கைகழுவப் போனார். சோப்பைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் கேனைச் சாய்த்துக் குழந்தையின் தண்ணீரை அளந்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளையை நாங்க முன்னாடியே கூட்டிட்டுப் போகட்டுமா?" அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஐந்தாம் மாதம் அனுப்பலாம் என்று இருந்த மகளை மூன்றாம் மாதமே அனுப்பிவைத்தேன். தாய்வீட்டில் தண்ணீர் சரியில்லை என்று பெண் போனாள். இதை எந்தக் கணக்குத்தாளில் எழுதுவது?

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். காந்தத்துக்கு வருகிறேன். குழாயில் அதை மாட்டினால் உப்பே வேண்டாம் என்று விற்பனைக்காரர் சொன்னார். படிவு ஒட்டுகிற விதம் மாறும் என்றுதான் அவருடைய தாளிலும் போட்டிருக்கிறது, கால்சியம் போய்விடும் என்று எங்கும் போடவில்லை. போகாது. மாட்டிய பிறகும் என் புட்டியில் அதே 30 சொட்டுதான் விழும், சோப்பும் அதே மாதிரிதான் திரியும். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் குழாயில் ஒரு எலுமிச்சம்பழமும் கட்டிவிடலாம், செலவு ஐந்து ரூபாய். ஒவ்வொரு வீடும் சொந்தமாக ஷவர் ஃபில்டர் மாட்டிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வேறு. உள்ளங்கை அளவு டப்பாவில் எவ்வளவு ரெசின் இருக்கும்? நம் தண்ணீருக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது. கடையில் விற்கும் பலவற்றில் ரெசினே கிடையாது, கரித்தூள்தான், அது குளோரின் வாடையை எடுக்கும், கடினத்தன்மையைத் தொடாது.

ஊரில் தண்ணீருக்கு வழியில்லாமலும் இல்லை. நெம்மேலியில் 2013இல் ஒன்று, 2024இல் இன்னொன்று என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. நம் தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது, அதனால் தண்ணீர் என்று ஒன்று வந்தாலே போதும் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. அதெல்லாம் உங்கள் கையில் இல்லை. உப்பு உங்கள் கையில் இருக்கிறது. இதே சாலையில் கேளம்பாக்கம் என்றாலே உப்பளம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சாலையில் உட்கார்ந்துகொண்டு உப்புக்கு அழுகிறோம்.

செலவை நானும் யோசித்தேன். உங்கள் தாளின்படி மூட்டை 400 ரூபாய். தினம் ஒரு மூட்டை என்றால் மாதம் 12,000. வீட்டுக்கு 187 ரூபாய் 50 காசு. என் பேத்தி குளித்த கேனுக்கு மட்டும் மாதம் 1,200 கொடுத்தேன்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உப்பைப் போடுங்கள். இத்தனை மாதம் பட்டினி கிடந்த ரெசின் ஒரே நாளில் எழுந்து உட்காராது. நம் போரில் இரும்பும் உண்டு, அது மணிகளில் படிந்திருக்கும். முதலில் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணிகளை நன்றாக அலசி, அதாவது பேக்வாஷ் செய்து, தொடர்ந்து இரண்டு மூன்று முறை உப்பு ஏற்றிப் பாருங்கள். அப்படியும் தேறவில்லை என்றால் காந்தத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ரெசினை மாற்றுங்கள். கழிவு உப்புத் தண்ணீரைப் போன தடவை மாதிரி தோட்டத்தில் விடாதீர்கள், செம்பருத்தி போனது போதும். வாரம் ஒருமுறை உள்ளே எத்தனை சொட்டு, வெளியே எத்தனை சொட்டு என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இன்னொன்றும் அதே போர்டில் போட்டுவிடுங்கள்: சாஃப்ட்னர் தண்ணீரில் சோடியம் கூடுதல், பிரஷர் உள்ளவர்கள் அதைக் குடிக்க வேண்டாம் என்று. நாளை அதைச் சாக்காக வைத்து மறுபடி யாரும் உப்பை நிறுத்தக் கூடாது.

அடுத்த மாதம் 10ஆம் தேதி பேத்திக்குக் காது குத்து, நம் கீழ்த்தள ஹாலில்தான். சம்பந்தியம்மாவும் வருகிறார். அதற்குள் உப்பைப் போட்டுவிட்டால் பெரிய உபகாரமாக இருக்கும். சோதித்துப் பார்க்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், புட்டியை எடுத்துக்கொண்டு நானே கீழே வருகிறேன். காலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாம் மாடியிலிருந்து
மெயின்டனன்ஸ் பாக்கி வைக்காத ஒரு குடியிருப்பாளர்