8.26க்கு வராத போன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் கீதாவும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்த நேரமான ஜூலை 21 காலை 8.26க்குப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்பதரை வரைக்கும் வைத்திருந்தேன். உனக்கு வேலை இருந்திருக்கும், சரி. குறையாகச் சொல்லவில்லை. நீ அங்கே போனதிலிருந்து அந்தப் போன் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ராத்திரி பதினொரு மணி வரை முழித்திருந்து "அப்பா, நிலாவுல கால் வெச்சாச்சு" என்பாய்.

பேசியிருந்தால் வழக்கம்போல இறங்கின கதையைத்தான் சொல்லியிருப்பேன். நிலாவில் இறங்கின ஈகிள் கலத்தைக் கம்ப்யூட்டர் பாறைக் குழிப் பக்கம் கொண்டுபோனது, ஆம்ஸ்ட்ராங் தன் கையால் ஓட்டி அதைத் தாண்டி, சமதரை பார்த்து இறக்கியது, எரிபொருள் ஒரு நிமிஷத்துக்குக்கூட இல்லாதது, குரலில் பதற்றமே இல்லாதது. நீ தீப்பெட்டியில் ஈகிள் செய்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லி வளர்த்தேன். சைக்கிளில் விழுந்து முட்டி உரிந்தபோதுகூட, "1968ல் பயிற்சிக் கலத்திலிருந்து 60 மீட்டர் உயரத்துல குதிச்சுத் தப்பிச்ச மனுஷன், அன்னைக்கே ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்தாரு, நீ எதுக்கு அழறே" என்றேன். சட்டென்று அழுகையை நிறுத்தினாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இறங்கிய அந்த நேரம் அவருடைய நாடி நிமிஷத்துக்கு 150ஐத் தொட்டது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் கருவி காட்டிக் கொடுத்தது. குரலை மட்டும் கேட்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

போன மாதம் நீ "எல்லாம் நல்லாத்தாம்ப்பா போகுது" என்றாய். குரல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச்சுக்கு அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நாலாம் நாளே நீ ஆபீஸ் போய்விட்டதாகக் கீதாவின் அம்மா சொன்னார்கள். ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்றுகிறாயாம். வண்டி ஓட்டாதே தம்பி.

ஆம்ஸ்ட்ராங்குக்குக் கேரன் என்று ஒரு பெண் குழந்தை. மூளைத் தண்டில் கட்டி. 1962 ஜனவரி 28, அவர்களுடைய கல்யாண நாளன்றே போய்விட்டது. மூன்று வயது நிரம்பவில்லை. சில நாளில் அவர் மறுபடி விமானம் ஓட்டப் போனார். கூட வேலை பார்த்தவர்களிடம் குழந்தையைப் பற்றி வாய் திறக்கவே மாட்டாராம். இதைப் படித்து வருஷக்கணக்காகிறது. உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் செல்வியைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

செல்வி போன ஆறாம் நாள் நான் டூட்டிக்குப் போனேன். "மனசைக் கல்லாக்கிக்கிட்டான்" என்று பெரியப்பா பத்துப் பேர் நடுவில் மெச்சினார். அதையே பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரியில் அம்மா, "அவளைப் பத்தி ஏதாவது பேசுங்களேன்" என்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். நீ பிறக்கும்வரை கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூட நோட்டில் நீ "உடன்பிறந்தோர் இல்லை" என்று எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் பேசவில்லை.

அவர் வீரர்தான், தம்பி. நிலாவிலிருந்து வந்தவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். புகழெல்லாம் அந்தப் பயணத்துக்கு உழைத்த லட்சக்கணக்கானவர்களுடையது என்றே சொல்லிவந்தார். உனக்கு நான் காட்டியிருக்க வேண்டியது அந்த மனுஷனை. பேசாமல் இருந்ததைக் காட்டிவிட்டேன்.

போன் வராத அன்றைக்கு, பச்சை டிரங்குப் பெட்டியில் பழைய பேப்பர் கட்டிங்கைத் தேடினேன். அடியில் செல்வியின் கொலுசு, கறுத்துப்போய். ஒன்றில் ஒரு மணி இல்லை. அவளே கடித்துப் பிடுங்கியதாம், அம்மாதான் ஞாபகப்படுத்தினாள். புளி போட்டுத் தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் பெயரைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 25 ஆம்ஸ்ட்ராங் இறந்த நாள். 2012ல் நீதான் முதலில் எனக்குச் சொன்னாய். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு. கீதாவும் பக்கத்தில் இருக்கட்டும். உனக்குப் பேச வராவிட்டால் பரவாயில்லை. போனை மட்டும் வைத்துவிடாதே.

அப்பா